சிங்கப்பூரில் உன்னைத் தேடிய மூன்று நாட்கள்

கடலோடு போய்விட்ட என் கதிரேசண்ணனுக்கு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ உயிரோடு இருந்தவரை வீடியோவிலேயே பேசிக்கொண்டோம். ‘உயிரோடு இருந்தவரை’ என்று எழுதவே எனக்கு நான்கு மாதம் ஆகியிருக்கிறது. அம்மா முன்னால் அதை இன்னும் சொல்லவில்லை.

நீ கடலில் விழுந்துவிட்டாய், உடல் கிடைக்கவில்லை என்று உன் கம்பெனியிலிருந்து போன் வந்தபோது அம்மா அழவே இல்லை. “பிளவக்கல் டேமுல இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நீந்துனவன். எங்கயோ ஒரு ஆஸ்பத்திரியில பேச்சு மூச்சில்லாமக் கெடக்கான். ஏட்டி, நீ போய்க் கூட்டிட்டு வா” என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனிக்குப் பஸ்ஸில் போய் வருவதைத் தவிர வேறு பயணம் அறியாத நான் பாஸ்போர்ட் எடுத்தேன்.

விமானம் இறங்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எத்தனை கப்பல்கள், அண்ணே! நம் ஊர்த் தேர் பத்தை வரிசையாக நிறுத்தினால் ஒரு கப்பல் என்று நீ சொல்வாயே, மேலிருந்து பார்க்க அவை சுளகில் சிந்திய எள் மாதிரி இருந்தன. மிச்சமெல்லாம் தண்ணீர். அம்மா கொடுத்துவிட்ட நம்பிக்கை அந்த ஜன்னலிலேயே என்னை விட்டுப் போய்விட்டது. பிறகு மூன்று நாளும் நான் சும்மாதான் நடந்தேன்.

கப்பல்களுக்கு ஆளும் சாமானும் கொண்டுபோகும் போட்டில் உன்னோடு வேலை பார்த்த தூத்துக்குடி அந்தோணி அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்து என்னை அழைத்துப் போனார். முதல் நாள் ஆஸ்பத்திரிகள். போன இடத்திலெல்லாம் பொறுமையாகக் கேட்டார்கள், கம்ப்யூட்டரில் பார்த்தார்கள், இல்லை என்றார்கள். யாராவது எரிந்து விழுந்திருந்தால்கூடச் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

இரண்டாம் நாள் ஊரைச் சுற்றினோம். ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் தமிழைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் என்னை இடிக்காமல் விலகிப் போனார்கள். துறைமுகத்தில் சிவப்பும் நீலமுமாகப் பெட்டிகள் மாடி மாடியாக அடுக்கியிருந்தன. கிரேன்கள் ஒன்றைத் தூக்கி ஒன்றை இறக்கிக்கொண்டே இருந்தன, ஓட்டுகிற ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை. இத்தனை அழகான ஊரா அண்ணே உன்னை வைத்திருந்தது? ஒரு கடையில் அந்தோணி அண்ணன் வாங்கித் தந்த தேங்காய்ப்பால் நூடுல்ஸ் ருசியாக இருந்தது. ருசித்ததற்காக என் மேலேயே வெறுப்பு வந்தது. பாதியில் எழுந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் படகுத்துறையில் அவரிடம் நேரடியாகக் கேட்டேன்.

“என்ன நடந்துச்சு அண்ணே? மறைக்காமச் சொல்லுங்க.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “கப்பல்லருந்து எறங்குற ஏணியில கால் வழுக்கிருச்சு, தங்கச்சி. கப்பலுக்கும் போட்டுக்கும் நடுவுல விழுந்தான். ஒரு தடவ கை தெரிஞ்சுச்சு. நான் கயிறு வீசுனேன். பொறவு தெரியல.”

“நல்லா நீந்துவான்ல?”

“நீந்துறதுக்கு அங்க எடமே இல்ல, தங்கச்சி.”

அவர் அழுதார். எனக்குக் கண்ணீர் வரவில்லை. எதிரே ஒரு படகில் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அந்தோணி அண்ணன் உன் பையை என்னிடம் கொடுத்தார். இரண்டு சட்டை, ஷேவிங் செட், கிழிந்த ஒரு போர்வை.

அந்தப் பை இப்போது பேண்டேஜ் கம்பெனியில் என் பெட்டிக்குள் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஊர் திரும்பிய அன்று வாசலிலேயே அம்மா, “பாத்தியா?” என்று கேட்டாள். “தேடிக்கிட்டு இருக்காங்கம்மா” என்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

அந்தப் பொய் வத்திராயிருப்பு வரைக்கும் போய்விட்டது, அண்ணே. உனக்குப் பேசி வைத்திருந்த செல்வி வீட்டில், “ஆவணிக்குள்ள வந்துருவான்” என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதை நம்பி, வந்த இன்னொரு சம்பந்தத்தை செல்வியின் அப்பா திருப்பி அனுப்பிவிட்டாராம்.

போன வியாழக்கிழமை மதியம் செல்வி கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது.

“நீங்க நேர்ல போய்ட்டு வந்தவுக. ஒன்னே ஒன்னு சொல்லுங்கக்கா. நான் காத்திருக்கட்டுமா?”

உண்மை வாய் வரைக்கும் வந்தது. “அம்மா சொல்றபடி செய்” என்றேன்.

அவள் சிரித்தாள். உண்மையான சந்தோஷம். பஸ் ஏறி ஜன்னலிலிருந்து கையாட்டினாள். நான் கம்பெனிக்குள் போய் மடித்த துணியையே மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணை உன் பெயரால் ஏமாற்றுகிறேன், அண்ணே. நீ இருந்திருந்தால் என்னை என்ன சொல்லியிருப்பாய்?

ஞாயிற்றுக்கிழமை வத்திராயிருப்புக்குப் போகிறேன். அந்தோணி அண்ணன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவளிடம் சொல்வேன். திரும்பி வந்து அம்மாவிடமும் சொல்வேன். அவள் என்னை நம்பமாட்டாள். நம்பினால் அதைவிட மோசம். அப்புறம் இந்த வீட்டில் யார் யாருக்குச் சோறு போடுவது, எதைப் பற்றிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் சொல்லிவிடுவேன். இது சத்தியம்.

உன்னோடு பிறந்தவள்,
மாரியம்மாள்