சிறகிக் குஞ்சுகள் இறங்கிய காலை

அடியே,

நேற்று சாயங்காலம் திருப்பதியில் மகன் வீட்டு மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் சிறகி வாத்துகள் சீழ்க்கையடித்துக்கொண்டு போயின. கையிலிருந்த புடவையைக் கீழே போட்டுவிட்டு அண்ணாந்து நின்றேன். உன்னைக் கூப்பிட்டுக் காட்ட வாயெடுத்துவிட்டேன். பாழாய்ப்போனவளே, இனி யாரிடம் காட்டுவேன்?

ஏரிக்கரையில் புல் அறுக்கப் போன இடத்தில்தான் நமக்குப் பழக்கம். கரைக்கு இந்தக் கோடியில் என் ஊர், அந்தக் கோடியில் உன் ஊர். உன் பக்கத்து மருதமரப் பொந்தில் ஒரு சிறகி நுழைந்ததை முதலில் பார்த்தவள் நீ. "வாத்து எங்கியாவது மரம் ஏறுமா? உனுக்குக் கண்ணு அவிஞ்சிபோச்சு" என்று சிரித்தேன். நீ விடவில்லை. தினமும் புல்லுக்கட்டின் மேல் உட்காரவைத்துப் பார்க்கச் செய்தாய். ஒன்று வெளியே போனால் இன்னொன்று உள்ளே வந்தது. "ஆம்பளயும் முட்ட மேல ஒக்காருதுடி. எங்க நைனாவ இட்டாந்து காட்டணும்" என்றாய். வயிறு வலிக்கச் சிரித்தோம். அவ்வளவு உயரத்திலிருந்து குஞ்சுகள் எப்படி இறங்கும் என்பதுதான் என் கவலை. "அம்மாக்காரி முதுகுல ஏத்திக்கினு வரும்" என்று நீ சாதித்தாய்.

அந்த மழைக்காலத்தில்தான் எல்லை பிரித்து, கரை நடுவில் கல் நட்டார்கள். நான் ஆந்திரா, நீ மெட்ராஸ். பிச்சாட்டூர் ரோட்டில் யாருடைய அரிசி மூட்டையையோ தடுத்தார்கள் என்ற பேச்சு, நம் ஊர்களுக்கு வந்து சேர்வதற்குள் 'சீட்டு இல்லாமல் கல்லைத் தாண்டினால் ஜெயில்' என்று ஆகிவிட்டது. இரண்டு ஊரும் நம்பியது, நாமும் நம்பினோம். என்ன கூத்து! ஆளுக்கொரு பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்தித்தான் பேசிக்கொண்டோம்.

"பொரிஞ்சிச்சாடி?"

"இன்னும் இல்லடி!"

ஒரு நாள் காலையில் உன் குரல் வேறு மாதிரி வந்தது. "ஓடியாடி! குஞ்சுங்க எறங்கப் போவுது. காக்கா சுத்திக்கினு கீது, நா ஒருத்தி இன்னா பண்ணுவேன்!"

ஓடி வந்தவள் கல்லருகே நின்றுவிட்டேன். என்னைப் பிடித்துக்கொண்டு போனால் என் நைனா யார் காலில் போய் விழுவார் என்று நடுங்கினேன். தாய்ப்பறவை மரத்தடியில் நின்று குஞ்சுகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. முதுகிலும் ஏற்றவில்லை, ஒன்றும் இல்லை. ஒரு குஞ்சு பொந்திலிருந்து தானாகவே குதித்தது. சருகில் பொத்தென்று விழுந்து அசையாமல் கிடந்தது. காக்கை இறங்கியது. "ஐயோ!" என்று கத்தினேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது, புல்லுக்கயிற்றைச் சுழற்றிக்கொண்டு உன் பக்கத்தில் நின்றதுதான்.

அந்தக் குஞ்சு உடம்பை உதறிக்கொண்டு எழுந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மற்றவையும் பொத்துப் பொத்தென்று விழுந்து எழுந்தன. கடைசிக் குஞ்சு தண்ணீரில் இறங்கும்வரை நாம் ஒரு காக்கையையும் நெருங்கவிடவில்லை.

பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாய். "அடியே, மெட்ராஸ்ல நின்னுக்கினு கீற நீ!"

கல்லைத் தேடினேன், அது எனக்குப் பின்னால் எங்கோ நின்றது. அந்நேரம் பார்த்து உன் ஊர்க்காரர் ஒருவர் கரைமேல் வந்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன். "எங்க எருமையப் பாத்தீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போனார். அப்பாடா! உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேனா சிரித்தேனா, எனக்கே தெரியவில்லை.

உன் சாவுச் செய்தி வந்தபோது மகன், "அங்க நம்மள யாருக்கும்மா தெரியும்? அப்பறம் போலாம்" என்றான். நான் கேட்கவில்லை. பஸ் ஏறி வந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு உன் தலைமாட்டில் உட்கார்ந்தேன். "ஆயா, நீங்க யாரு?" என்று உன் பேத்தி கேட்டாள். "ஏரிக்கு அந்தாண்ட ஊரும்மா" என்றேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

குஞ்சுகள் இறங்கிய அந்தக் காலையிலிருந்து எந்த வாசலிலும் 'வரலாமா' என்று கேட்டு நான் நின்றதில்லை. திட்டினால் திட்டட்டும் என்று நேரே உள்ளே போய்விடுகிறேன். உன்னிடமும் அப்படித்தான் ஒருநாள் வந்து நிற்பேன்.