தூங்குகிற ஒன்பது படிகள்

12.8.2024, திங்கள்

காலை ஐந்து மணிக்குச் சிங்காநல்லூரில் கிளம்பி, சத்தி வந்து, மலை ஏறும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், கடைசியில் ஜீப். இடுப்பு கழன்றுவிட்டது. முதுகில் ஜி.பி.எஸ். கருவி, காலில் கடிக்கிற புது பூட்ஸ். கதிரேசன் சாருக்கு என்ன, கம்பெனி முதலாளி, "கல்லுத்தொட்டியில மூணு நாள் வேலைம்மா" என்று சொல்லிவிட்டு ஏ.சி.யில் உட்கார்ந்துகொண்டார். சர்வேயர்தானே மலை ஏறவேண்டும்.

மலையில் நெல் என்று அவர் சொன்னபோது ராகியைத்தான் மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன். எனக்கு நெல் என்றால் கோபிசெட்டிபாளையம். வாய்க்கால் ஓரம், சமதரை. ஜீப் ஒரு வளைவு திரும்பியது. வாயைப் பிளந்துவிட்டேன். சரிவு முழுக்கப் படிக்கட்டு, படிக்குப் படி தண்ணீர், தண்ணீரில் நாற்று. இறங்கி நின்று எண்ணினேன். அறுபத்து மூன்று. ஒரு சட்டி சிமெண்ட் இல்லை, எல்லாம் வெறும் கல்லடுக்கு. எந்தக் காலத்தில் கட்டியது என்று ஊரில் கேட்டால் சிரிக்கிறார்கள்.

இத்தனை வருசம் நிலம் அளக்கிறேன். இப்படி ஒன்று இங்கே இருக்கிறது என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே?

13.8.2024

இந்த மலைச்சனத்துக்கு வன உரிமைப் பட்டா தருவதற்காகத்தான் இந்த அளவை. ஒவ்வொரு படிக்கும் ஒரு தாள். பயிரா, தரிசா, யார் அனுபவத்தில் இருக்கிறது – கேட்க வேண்டும், டிக் போட வேண்டும், நான்கு மூலையிலும் நின்று கருவியில் பதிய வேண்டும். இன்றைக்குக் கீழிருந்து ஐம்பத்து நான்கு படி முடித்தேன். முழங்கால் வரை சேறு.

கூடவே வந்தது மாதி. நாற்பது வயது இருக்கும். உச்சியில் இருக்கும் ஊற்றைத் திறப்பதும் அடைப்பதும் அவள் வேலை. எந்தப் படிக்கு எத்தனை நேரம் தண்ணீர் என்று ஊரே அவளைத்தான் கேட்கிறது. ஒவ்வொரு படிக்கும் யாருடையது என்று பெயர் சொன்னாள், தடுமாறவே இல்லை. மதியம் சிவப்பு அரிசிச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டாள். மூன்று தட்டு தின்றேன், வெட்கமே இல்லை.

14.8.2024

உச்சியில் இருக்கும் ஒன்பது படிகளில் நாற்று இல்லை. இடுப்பளவு புல். ஊற்றும் அங்கேதான், ஒன்பதுக்கும் மேலே, பாறைச் சந்தில். அங்கிருந்து வாய்க்கால் இந்தப் படிகளின் ஓரமாகவே கீழே இறங்குகிறது.

இரண்டு மணி பஸ்ஸை விட்டால் நாளைக்குத்தான். புல்லுக்குள் இறங்கி, முப்பத்தாறு மூலையிலும் நின்று பதிந்தேன். மாதி உள்ளே வரவில்லை. ஓரத்தில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். நானும் ஆட்டினேன். நல்ல சனம்.

வெளியே வந்து தாளை எடுத்து, இது யாருது என்று கேட்டேன்.

"யாருதும் இல்லீங்க" என்றாள். பிறகு "அது வந்துங்க அம்மணி..." என்று இழுத்தாள். இந்தக் கட்டத்துக்கு ஒரு பதில் போதும்க்கா என்று சொல்லி, தரிசு என்று டிக் போட்டேன். ஒன்பது தாள், ஒன்பது டிக். பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

5.9.2024

வரைபடம் அனுப்பியாயிற்று. "நீட்டா இருக்குதும்மா" என்றார் சார். வருசத்தில் ஒரு தடவை வருகிற வார்த்தை.

27.1.2025

இதை எப்படி எழுதுவது.

மதியம் ஆபீஸ் வாசலில் மாதி நின்றாள். சத்தியில் பஸ் மாறி, காந்திபுரத்தில் மாறி, கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். காலில் ரப்பர் செருப்பு, கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரு தாள். "இதப் படிச்சுச் சொல்லுங்க அம்மணி, எங்கூர்ல ஆளுக்கொரு மாதிரி சொல்றாங்க" என்றாள்.

படித்தேன். மறுபடி படித்தேன். ஐம்பத்து நான்கு படிக்குப் பட்டா. மேல் ஒன்பது படி தரிசு, எவர் அனுபவத்திலும் இல்லை, எனவே கோரிக்கை தள்ளுபடி. அந்த இடத்தில் வனத்துறையினர் மரக்கன்று நட்டு, சுற்றிக் குழி வெட்டி, ஆள் போக்குவரத்தை நிறுத்துவார்கள். ஆதாரம்: கள அளவை வரைபடம். கீழே என் கையெழுத்து. எஸ். சண்முகப்ரியா. எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறேன்.

ஊற்று மேலே. அந்த ஒன்பது படி போனால் ஊற்றுக்கு வழி இல்லை. ஊற்று போனால் கீழே ஐம்பத்து நான்கும் வெறும் கல்லு. பட்டாவை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள், நாக்கு வழிப்பார்களா?

யாருதும் இல்லன்னு ஏன்க்கா சொன்னீங்க என்று கத்திவிட்டேன், ஆபீஸே திரும்பிப் பார்த்தது. மாதிக்குக் கோபம் வரவில்லை. ஒவ்வொரு வருசமும் ஒன்பது படி தூங்குமாம். இந்த வருசம் மேல் ஒன்பது. அடுத்த வருசம் அது எழுந்து வேறு ஒன்பது தூங்கும். ஏழு வருசத்தில் ஒரு சுற்று. தூங்குகிற படியில் கால் வைக்கக் கூடாது, பக்கத்தில் சத்தம் போடக் கூடாது, ஒருத்தர் பெயரையும் அதற்குச் சொல்லக் கூடாது.

"தூங்கற வருசம் அது யாருதும் இல்லீங்க. எந்திரிச்சா அவங்கவங்களுது. நீங்க யாருதுன்னுதானுங்க கேட்டீங்க? எத்தன வருசத்துக்குன்னு கேக்கலீங்களே."

கேட்கலை. நான் கேட்கவே இல்லை. அவ சொல்ல வந்தா, வாயை அடைச்சுப்போட்டு பஸ்ஸுக்கு ஓடுனேன்.

28.1.2025

அப்பீலுக்கு அறுபது நாள்.

2.2.2025, ஞாயிறு

விடிந்ததும் கிளம்பி கல்லுத்தொட்டிக்குப் போனேன். அறுப்பு முடிந்துவிட்டது. ஊர் முழுக்கக் களத்தில் கூடியது. வழியெல்லாம் யோசித்து ஒரு யோசனை வைத்திருந்தேன், என்னை நானே மெச்சிக்கொண்டுதான் போனேன். மேல் ஒன்பது படியிலும் புல்லைக் கொத்தி, ராகியைத் தூவிவிடுங்கள். முளைத்ததும் தேதியோடு போட்டோ எடுக்கிறேன். பயிர் இருக்கிறது, பட்டா கொடு. அவ்வளவுதான் கதை.

மாதி என்னை மூன்றாவது அடுக்குக்குக் கூட்டிப் போய்க் கல்லைக் காட்டினாள். சந்துக்குச் சந்து புல் வேர், ஊசியும் நூலுமாகத் தைத்த மாதிரி. வருசம் முழுக்கத் தண்ணீர் நின்றால் கல் நழுவும், ஒரு வருசம் புல்லுக்கு விட்டால் வேர் பிடித்து இறுக்கும். அதற்குள் கொத்தினால் அடுத்த மழைக்கு மேலே இருக்கிற சுவர் கீழே இருக்கிறவர்கள் தலையில்.

"அம்மணி, நாங்க அதக் கொத்த மாட்டமுங்க. பட்டா வராட்டிப் போவுது" என்றாள்.

அதிர்ந்துபோனேன். எல்லாம் போகப் போகிறது, இவர்கள் இப்படி நிற்கிறார்கள்! பிடிவாதக்காரச் சனம் என்று திட்டிவிட்டேன். வாயில்தான் எனக்குச் சனி. திட்டு வாங்கிக்கொண்டு எனக்குச் சோறு போட்டார்கள்.

9.2.2025

பழைய செயற்கைக்கோள் படங்களை இறக்கிப் பார்த்தேன். டிசம்பர் படங்கள் மட்டும். அப்போது கதிர் முற்றிப் படியெல்லாம் மஞ்சள், புல் நிற்கிற இடம் மட்டும் பச்சை. 2017: அடியில் ஒரு பச்சைப் பட்டை. 2018: அதற்கு மேலே. 2019: அதற்கும் மேலே. ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினேன். பச்சை படியேறிப் போய்க்கொண்டே இருக்கிறது. 2024: உச்சி. பின்னால் போய் 2016ஐத் திறந்தேன். அன்றைக்கும் உச்சியில்தான் இருந்தது. ஒரு சுற்று.

மாதி என்னிடம் வாயால் சொன்னது அத்தனையும் வானத்திலிருந்து எடுத்த படத்தில் இருக்கிறது. இந்தப் படங்கள் ஆகஸ்டிலும் என் கம்ப்யூட்டரில் இருந்தன. ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருந்தால்?

ஓர் இடம்தான் உதைக்கிறது. 2020, 2021 இரண்டு வருசமும் பச்சை ஒரே இடத்தில் நிற்கிறது. ஏன்?

11.2.2025

கதிரேசன் சாரிடம் காட்டினேன். படம் பார்த்தார், ரசித்தார்கூட. அப்புறம் சொன்னார்: அப்பீலை அவங்க பார்த்துக்குவாங்க, நம்ம சர்வே தப்புன்னு நாமே எழுதிக் கொடுத்தா அடுத்த வேலை எவன் தருவான்? எழுதுவதாக இருந்தால் கம்பெனியில் இருந்துகொண்டு எழுத முடியாது. சத்தமே போடாமல் சொன்னார். அதுதான் பயம்.

அப்பாவிடம் சொன்னேன். மில்லில் முப்பது வருசம் நின்ற மனுசன், அதற்கு முன்னால் நம் ஆட்கள் எல்லாரும் அடுத்தவர் காட்டில் கூலிக்குத்தான். வீட்டுக்கு அடியில் இருக்கிற மண்ணைத் தவிர ஒரு சென்ட் கிடையாது. நான் சர்வேயர் ஆனபோது, ஊரான் நெலத்த அளக்கற என்று கிண்டல் செய்தவர். இன்றைக்குக் கிண்டல் இல்லை.

"காயிதத்துல பேரு இல்லாமப் போனவங்க கண்ணு நாம. நீ எழுதுன காயிதத்துல இன்னொருத்தரு பேரு போவலாமா?"

என் வேலை போகும்ப்பா என்றேன். தெரியும் என்று தலையாட்டினார்.

12.2.2025

எழுதிக் கொடுத்துவிட்டேன். "தரிசு எனக் குறித்தது என் பிழை." கையெழுத்து இந்தத் தடவை கோணல்.

19.3.2025, புதன்

அப்பீல் விசாரணை. எதிரே மூன்று அதிகாரிகள். ஒன்பது படத்தையும் வரிசையாக மேசையில் வைத்தேன். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, படம் படமாகப் பார்த்தார். நேராக அந்த இடத்துக்கே வந்தார். வருசா வருசம் மாறும் என்கிறீர்கள், 2021இல் ஏன் மாறவில்லை?

நான் மாதியைத் திரும்பிப் பார்த்தேன். மாதி எழுந்து நின்றாள்.

"அந்த வருசம் ஓட்டுக் கேக்க வந்தவங்க தெரியாம உள்ள நடந்துட்டாங்க சாமி. தூங்கறப்ப யாராச்சும் மிதிச்சா, மறுக்கா மொதல்ல இருந்து தூங்கோணும்."

அதிகாரி எழுதிக்கொண்டார். மிதித்தால் முதலிலிருந்து. ஒன்பது படி. முப்பத்தாறு மூலை. என் பூட்ஸ்.

வெளியே வந்து, நான் உள்ளே இறங்கியபோது ஏன் தடுக்கவில்லை என்று கேட்டேன். அங்கே சத்தம் போடக் கூடாதல்லவா. அதனால்தான் கையை ஆட்டிக் கூப்பிட்டாளாம், வெளியே வரச் சொல்லி. "நீங்களும் ஆட்டுனீங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாவி. எனக்குச் சிரிப்பு வரவில்லை, பஸ் ஸ்டாண்ட் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

ஏழு மாசமாக இவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அந்த ஒன்பது படியின் அடுத்த வருச நெல்லும் என்னால் போயிற்று என்று தெரிந்துகொண்டே, நான் திட்டின அன்றைக்கும் சோறு போட்டிருக்கிறார்கள்.

30.4.2025

உத்தரவு வந்துவிட்டது. அறுபத்து மூன்று படியும் ஊற்றும் ஊர்ப் பொதுவில். "சுழற்சி முறையில் ஓய்வில் விடப்படும் படிகளும் பயன்பாட்டில் உள்ளவையே." மாதி போனில் அந்த வரியை மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

நான் இப்போது சிங்காநல்லூரில் ஒரு பட்டறையில் பம்ப் பாகங்களுக்கு டிராயிங் போடுகிறேன். இது மில்லிமீட்டர் வேலை. தப்பு செய்தால் ஓர் இரும்புத் துண்டுதான் வீண்.

22.7.2025, செவ்வாய்

எல்லைக் கல் நட சர்வேயர் வருகிறார், வந்துட்டுப் போங்க அம்மணி என்று மாதி கூப்பிட்டாள். பட்டறையில் லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

கீழே ஐம்பத்து நான்கு படியிலும் நாற்று. உச்சியில் ஒன்பது படியிலும் புல், போன வருசத்தைவிட உயரமாக. வரும்போதே தெரியும். என் பூட்ஸ் மிதித்ததற்கு இன்னொரு வருசத் தூக்கம்.

வந்தவர் வேங்கடசாமி, தாலுகா சர்வேயர், ஓய்வு பெற இரண்டு வருசம் இருக்கும். மேல் படிக்கு வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டி, மூலையில் நிற்கலாம் என்று புல்லுக்குள் காலைத் தூக்கினார். மாதியின் இரண்டு கையும் மேலே போவதைப் பார்த்தேன். ஓடிப்போய் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துவிட்டேன். மனுசன் மிரண்டு திரும்பினார். நான் உதட்டில் விரலை வைத்து, ஓரமாகக் கூட்டி வந்து, வெளியே நின்றே அளக்கலாங்க சார், கோணம் எடுத்தால் போதும், நான் பிடிக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னேன். முறைத்தார். ஆனால் கருவியை வெளியே வைத்தார்.

அளந்து முடித்துத் தாளை எடுத்தார். அதே தாள், அதே கட்டங்கள்.

"இது யாருதுங்க?"

மாதி வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"இந்த வருசம் யாருதும் இல்லீங்க."

அவர் என்னைப் பார்த்தார், மாதியைப் பார்த்தார், உத்தரவை ஒரு தடவை புரட்டிப் படித்தார். பேனாவை எடுத்தார். நான் நகரவில்லை. எழுதி முடிக்கும் வரைக்கும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன். பயிர் நிலம் என்று எழுதினார். ஒன்பது தாளிலும்.