அம்மாவுக்கென்று ஒரு நம்பர் இல்லை

மார்ச் 4

சலவைக் கடைக்கு இன்று ஏதோ விடுதியிலிருந்து படுக்கை விரிப்புகள் மட்டும் முப்பத்திரண்டு வந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் அழியாத மையில் குறி போட்டுப் போட்டு விரலெல்லாம் கறுப்பு. சோப்புக்கும் போகவில்லை.

மத்தியானம் அம்மா பேசினாள். இந்தத் தடவை காய்கறி கொண்டுவருகிறவரின் போன். போன தடவை பக்கத்து வீட்டுச் சமையல்காரியுடையது. வெளிநாட்டில் அம்மா வேலை செய்யும் வீட்டில் போன் வைத்துக்கொள்ள விடுவதில்லை. யாராவது இரக்கப்பட்டுக் கொடுத்தால்தான் பேச்சு. இரண்டு வருட ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது.

"வந்துருவேல்ல?"

"பார்க்கலாம்டா. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. மாசக் கடைசியில கூப்பிடுறேன், பேசி முடிவு பண்ணலாம்."

"எப்பப் பார்த்தாலும் பார்க்கலாம் பார்க்கலாம்தான் உனக்கு" என்று சொல்லி நானே வைத்துவிட்டேன். உடனே திரும்பக் கூப்பிட்டேன். காய்கறிக்காரர் எடுத்தார். அம்மா உள்ளே போய்விட்டாளாம்.

ஏன் அப்படி வைத்தேன்?

மார்ச் 6

தெரியாத எண். அம்மாவாக இருக்கும் என்று ஓடிப் போய் எடுத்தேன். ஒரு ஆண் குரல். துணி ரெடியா என்றான். ரசீது எண் என்ன என்று கேட்டேன். சிரித்தான். "ரசீதுல உன் நம்பர் இருக்கே, அது போதாதா?"

சலவைக் கடை ரசீதில் அச்சடித்திருப்பது என் நம்பர்தான். கடை அக்கா தன்னுடையதைப் போடவில்லை. "நான் குளிக்கப் போனாக்கூட விடமாட்டாங்கடி. உன் போன் சும்மா தூங்கிட்டுதானே கிடக்கு?" துணி தயாரானால் வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்புவதும் நான்தான். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இப்படி ஒரு பொறுப்பா என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மார்ச் 7

பதினோரு தடவை.

மார்ச் 9

இஸ்திரி மாமா கவனித்துவிட்டார். "என்னம்மா, போன் அடிச்சா தேள் கொட்டின மாதிரி துள்ளுற?" பாதிதான் சொன்னேன். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு போனை வாங்கினார்.

"இந்த நம்பரைத் தொடு. மேல மூணு புள்ளி. ப்ளாக். முடிஞ்சுது, ஆள் காலி. என் மச்சானை மூணு வருஷமா இப்படித்தான் தள்ளி வச்சிருக்கேன். என்ன ஒண்ணு, பய நேர்ல வந்துடுறான். நேர்ல மூணு புள்ளி எங்க இருக்குன்னுதான் தெரியல."

இரண்டு நாளைக்குப் பிறகு இன்றுதான் சிரித்தேன்.

மார்ச் 10

வேறு எண்ணிலிருந்து: "ப்ளாக் பண்ணினா போயிடுவேனா?"

மார்ச் 12

இன்றோடு ஐந்து எண்களைத் தடுத்தாகிவிட்டது. ஆறாவதிலிருந்து வந்தது இது: "ஏன் தலையைக் குனிஞ்சே நடக்குறே? பச்சைச் சட்டை உனக்கு எடுப்பா இருக்கு."

இன்று நான் போட்டிருந்தது பச்சைச் சட்டை.

பார்க்கிறான். கடைக்கு வந்துகூட இருக்கலாம். நான்தான் அவன் கையில் துணிப்பையைக் கொடுத்தேனோ என்னவோ. யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காத எனக்கு எப்படித் தெரியும்? எல்லோருடைய கைகளும் சட்டைப் பொத்தான்களும்தான் எனக்குத் தெரியும்.

மார்ச் 13

நாலு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு அக்காவிடம் போனேன். வாயைத் திறந்ததும் பாதி மறந்துவிட்டது.

"நாலு பேர் வர்ற கடைன்னா நாலு விதமா இருப்பாங்க. தெரியாத நம்பரை எடுக்காதே, அவ்வளவுதானே?" என்றாள், பையை எடை போட்டபடியே.

எப்படி எடுக்காமல் இருப்பது? தெரியாத எண் என்றால் ஒன்று அவன், இல்லை அம்மா. அம்மாவுக்கென்று ஒரு நம்பர் இல்லையே. என் நம்பரை மாற்றலாம் என்றால் அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது இது ஒன்றுதான். நான் இருப்பது அத்தை வீட்டில்தான், ஆனால் அவளும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. காய்கறிக்காரரிடம் சொல்லி அனுப்பலாமா? ஒரு தடவை எண்ணை எடுத்தும் வைத்தேன். முன்பின் தெரியாத ஆளிடம் என்னவென்று சொல்வது? நான் ஒரு உதவாக்கரை.

மார்ச் 16

போனைச் சார்ஜில் போட்டுவிட்டு வாசல் கூட்டப் போயிருந்தேன். அடித்திருக்கிறது. அத்தை எடுத்துவிட்டாள்.

"யாருடி அவன்?"

"தெரியாது அத்தை."

"தெரியாதவன்தான் உன் பேரைச் சொல்றானா? நீ எத்தனை மணிக்குக் கடையை விட்டுக் கிளம்புறேன்னு சொல்றானா? நீ சிரிச்சிருப்பே. சிரிக்காம எவனும் பின்னால வரமாட்டான்."

நான் யாரைப் பார்த்துச் சிரித்தேன் அத்தை? எனக்குச் சிரிக்கவே வராதுன்னு நீதானே எல்லார்கிட்டயும் சொல்லுவே? எல்லாம் மனதுக்குள்தான். விளக்குமாற்றை மூலையில் சாத்தினேன்.

"இன்னொரு தடவை அடிக்கட்டும், போன் குப்பைக்குப் போகும். நீ வேலைக்குப் போய்க் கிழிச்சதும் போதும். உங்கம்மா வந்து உன்னைக் கட்டி மேய்க்கட்டும்."

போன் போனால் அம்மா கூப்பிட ஒன்றுமே இருக்காது.

மார்ச் 17

போனைத் துழாவியதில் ஒன்று கண்ணில் பட்டது: தெரியாத எண்கள் அனைத்தையும் தடு. கடைக்கு வருகிறவர்களின் எண்களை ரசீது எண்ணோடு சேமித்து வைத்திருக்கிறேன், அதனால் வேலைக்குக் குறையில்லை. அம்மா மாதக் கடைசியில்தான் கூப்பிடுவாள். இன்று பதினேழுதானே? இருபத்தைந்தாம் தேதி தடுப்பை எடுத்துவிடலாம். நடுவில் தப்பித் தவறி அவள் கூப்பிட்டாலும் தவறிய அழைப்பில் எண் வந்து நிற்கும், நானே திரும்பக் கூப்பிடுவேன்.

ஒரு வாரம் மட்டும் — அழுத்திவிட்டேன்.

மார்ச் 18

ஒன்றுமில்லை.

மார்ச் 19

ஒன்றுமே இல்லை. கடையிலிருந்து வரும்போது ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தேன். மருந்துக் கடைக்குப் புது வண்ணம் அடித்திருக்கிறார்கள். எப்போது அடித்தார்களோ.

மார்ச் 22

தவறிய அழைப்பு ஒன்றுகூடக் கிடையாது. சலித்துப் போய்விட்டான் போல. அம்மாவும் கூப்பிடவில்லை, மாதக் கடைசி வரட்டும். அவளுக்கு ஒரு தலையணை உறை தைத்தேன். அலமாரியில் கீழ்த்தட்டைக் காலி செய்து வைத்தேன்.

மார்ச் 25

அந்தத் தடுப்பை எடுக்கும் இடத்தை எவ்வளவு தேடியும் காணவில்லை. இஸ்திரி மாமாவிடம் கொடுத்தேன்.

"தடுத்ததெல்லாம் தனியா ஒரு மூலையில கிடக்குமே, பார்த்தியா?" என்றார்.

எனக்கு அப்படி ஒரு மூலை இருப்பதே தெரியாது. தவறிய அழைப்பில் வரும் என்றல்லவா இருந்தேன். அவர் திறந்தார். அறுபத்து மூன்று அழைப்புகள். கீழே செய்திகள். மாமா படித்துக்கொண்டே போனார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். "இது அவன் மாதிரி தெரியலம்மா."

அவனுடைய அழுக்குக்கு நடுவே, ஒரே எண்ணிலிருந்து மூன்று. அப்படியே எழுதி வைக்கிறேன்.

19ஆம் தேதி: "நான் இந்த வீட்டு டிரைவர். உங்கள் அம்மா என் பக்கத்தில் இருக்கிறார். ஐந்து முறை கூப்பிட்டோம். எடுங்கள்."

20ஆம் தேதி: "நாளைக்கே பதில் சொல்ல வேண்டுமாம். வரட்டுமா, இருக்கட்டுமா என்று உங்களிடம் கேட்கிறார். நீங்கள் சொல்வதைத்தான் செய்வாராம்."

21ஆம் தேதி: "கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு வருடம். உங்களைச் சாப்பிடச் சொன்னார்."

மாமா என்னை ஸ்டூலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். இஸ்திரி மேசையில் ஒரு சட்டை கருகிய வாசனை வந்தது.

மார்ச் 26

எழுத முடியவில்லை.

மார்ச் 27

டிரைவரின் எண்ணுக்கு நேற்று நானே கூப்பிட்டேன். குரல் நடுங்கினாலும் பேசினேன். முன்பே பேசியிருக்கலாம், இவ்வளவுதானா இது? சாமான் வாங்கப் போகும்போது அம்மாவிடம் கொடுப்பதாகச் சொன்னார். இன்று கொடுத்தார்.

"கோபமா இருக்கியாடா? அன்னைக்கு நீயா வச்சிட்டே. அப்புறம் எடுக்கவும் இல்ல. நான் வர்றது உனக்கு வேண்டாம்போலன்னு..."

"இல்லம்மா! இல்லம்மா, சார்ஜ் இல்ல."

"மூணு நாளாவா?"

என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் அத்தையைப் போல இவளும் ஏதாவது கேட்டுவிட்டால்? அம்மாவும் அதற்கு மேல் கேட்கவில்லை. மாற்ற முடியாதா என்று கேட்டேன். போட்டது போட்டதுதானாம். "ரெண்டு வருஷம்தானே, கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள ஓடிடும்." அவள் அழுததை நான் கேட்கக் கூடாது என்று போனைத் தள்ளிப் பிடித்திருந்தாள். கேட்டது.

மார்ச் 30

கடையில் மீதமிருந்த ரசீதுப் புத்தகங்களை எல்லாம் எடுத்து, துணிக்குக் குறி போடும் மையால் என் நம்பரை ஒவ்வொரு தாளிலும் அடித்து அழித்தேன். அக்கா வந்து பார்த்தாள். "என்னடி பண்ற, பைத்தியமா உனக்கு?"

"அம்மா பக்கத்துல இருக்கிறவ நம்பரைப் போடுங்கக்கா" என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கை நிற்கவில்லை, அழுகையும் நிற்கவில்லை. அக்கா எதிரே உட்கார்ந்து, நான் அடித்த தாள்களில் தன் நம்பரை எழுத ஆரம்பித்தாள்.

முன்பு கொடுத்த ரசீதுகள் ஊரெல்லாம் கிடக்கின்றன. அவனிடமும் ஒன்று இருக்கும்.

ஏப்ரல் 11

இப்போது யாரையும் தடுப்பதில்லை. சத்தத்தை அணைத்து போனை இடுப்பில் செருகி வைத்திருக்கிறேன். அதிர்ந்தால் எனக்கு மட்டும்தான் தெரியும். எல்லாவற்றையும் எடுக்கிறேன். நான் முதலில் ஹலோ சொல்வதில்லை. காதில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் மூச்சு விடுவது யார் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

இன்று ஒன்பது தடவை. ஒன்றுகூட அம்மா இல்லை.