குடை பிடித்தவரின் காது

12-6-1979
சோமுவுக்குப் பத்து மாதம். காது இரண்டும் இன்னும் விடைத்துக்கொண்டே நிற்கின்றன. தூங்கும்போது துணி கட்டினேன். அவிழ்த்துத் தின்னப் பார்க்கிறான். பள்ளிக்கூடத்தில் என்ன பட்டப்பெயர் வைப்பார்களோ!

மாமியார் வழக்கம்போல, "எங்க வூட்ல யாருக்கும் இப்புடிக் காது கெடையாது, ஒங்க வூட்டுச் சீதனம்" என்று கூடத்துப் படத்தைக் காட்டினார். ரெயூனியன் தீவுக் கரும்புத் தோட்டத்துக்குப் போன இவரின் கொள்ளுத்தாத்தா முத்தையன். விபூதிப் பட்டை, சால்வை, ஒட்டின காது.

19-6
பரண் துடைக்கையில் அந்தப் படத்தின் மூலப் போட்டோ கிடைத்தது. மலை வரைக்கும் கரும்பு. நடுவே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு வெள்ளைக்காரத் துரை. பின்னால் நம் ஆட்கள், இன்னொரு வரிசைக் கரும்பு மாதிரி. 'இவ்வளவும் என்னுது' என்று காட்டத்தான் எடுத்திருக்கிறான்.

துரையின் முகம்— ஐயையோ, கூடத்தில் தொங்குற மூஞ்சி! நாற்காலியில் இருப்பவர்தான் வீட்டுப் பெரியவர் என்று எந்த ஸ்டூடியோக்காரரோ பெரிதாக்கி, மாநிறம் பூசி, பட்டையும் போட்டுவிட்டிருக்கிறார்.

துரைக்குக் குடை பிடிக்கிறவரைப் பார்த்தேன். காது! சோமுவின் காது!

20-6
இவரிடம் காட்டினேன். "கொள்ளுத்தாத்தா தொரைக்குக் கொட புடிச்சவருன்னு அப்பா சொல்லுவாங்க. அம்மாகிட்ட நீயே சொல்லிடு, எனக்கு நிரவி வரைக்கும் போற வேல இருக்கு." சைக்கிள் பறந்துவிட்டது.

24-6
அமாவாசை. துரைக்கு வடை படைத்தோம். சொல்லவில்லை.

29-6
மறுபடியும் 'ஒங்க வூட்டுக் காது'. வாய் தன்னால் திறந்துகொண்டது. "அத்தை, நீங்க கும்புடுறது நம்ம ஆளே இல்ல. தொரை!" போட்டோவை நீட்டினேன். பெட்டியைக் கட்டச் சொல்வாரோ?

அத்தை சோமுவைத் தூக்கிக் குடைக்காரர் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். காதைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்து ஒரு கத்தல்: "இத்தன வருஷமா வடையத் தின்னுட்டு, நான் இல்லன்னு ஒரு வார்த்த சொன்னியாடா, பாவி!"

2-7
அத்தையோடு ஸ்டூடியோ. ஸ்டூடியோக்காரர் மன்சூர் அலி, "வெட்டி ஒட்டிப் படம் பண்ணிடலாம்மா. காதைக் கொஞ்சம் அமுக்கிடவா?" என்றார்.

"தொட்டுப் பாருங்க!" என்று சீறினார் அத்தை. "அது எங்க பரம்பரக் காது. அவர நாக்காலில ஒக்கார வையிங்க."

"அப்ப கொடைய யாரு புடிக்கிறது?"

அத்தை யோசிக்கவே இல்லை. "தொரை சும்மாதான இருக்கான்?"

ஆடி அமாவாசை
புதுப் படம் மாட்டியாயிற்று. கொள்ளுத்தாத்தா கால்மேல் கால். பின்னால் துரை, குடையும் பட்டையுமாக. பட்டையை அழிக்க அத்தை விடவில்லை, பழகிய முகமாம். அவருக்கும் ஒரு வடை, சின்னதாக.

படத்தின் கண்ணாடியில் எண்ணெய்க் கை பட்ட தடம். சோமுவின் காதுத் துணிதான் பக்கத்தில் கிடந்தது. அதை வைத்துத் துடைத்தேன்.