கடைசிப் பாட்டில் இருக்கும் சத்தம்

மார்ச் 3

மகனும் மருமகளும் போட்ட புது ஆல்பம் இன்று வெளிவந்தது. அவன் கிட்டாரை வைத்துக்கொண்டு கத்துவான். அவள் டிரம்ஸை அடிப்பாள். வேறு ஆள் கிடையாது. அந்தச் சத்தத்துக்கு இரண்டு பேரே அதிகம். “நீ கேக்காதம்மா, தலைவலி வரும்” என்றான். கேட்கவில்லை. ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வந்து படுத்தேன். தூக்கம் இல்லை. இவன் அப்பா போனதிலிருந்தே இல்லை.

மார்ச் 5

பேப்பரில் ஆல்பத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சலவைப் பிரிவில் சூப்பர்வைசரம்மா சத்தமாகப் படித்தார்: “பாத்திரக் கடைக்குள் லாரி புகுந்தது போல இருக்கிறது.” எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்கு வந்தால் மருமகள் அதையே வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள்.

“திட்டியில்ல இருக்காங்க?”

“ஐயோ அத்தை, அது பாராட்டு!”

அப்போ திட்டு எப்படி இருக்குமாம்?

மார்ச் 8

திட்டு வந்துவிட்டது. எல்லாம் கடைசிப் பாட்டுக்கு. அதில் கிட்டாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை, ஏதோ ஒரு சத்தம் மட்டும்தானாம். கேட்டவர்கள் எழுதியதை மருமகள் போனில் வாசித்துக் காட்டினாள். ஒருவர் மரம் அறுக்கும் மில் என்கிறார். ஒருவர் கப்பல் மூழ்குகிறது என்கிறார். இன்னொருவருக்கு ஒரு யுகமே மூச்சுத் திணறுகிறதாம், அழுதுவிட்டாராம். நடுவில் சத்தம் நின்றுபோகிறது, போனைத் தட்டித் தட்டிப் பார்த்தேன் என்று ஒரு பிள்ளை. ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனிக்காரர் அந்தப் பாட்டையே எடுத்துவிடச் சொல்கிறார். மகன் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

“அப்படி என்னடா இருக்கு அதுல?”



மார்ச் 9

மகன் என் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டான்.

அவருடைய குறட்டை.

போன வருஷம் கிண்டலுக்குப் பதிவு செய்ததாம். இழுத்து இழுத்து, நடுவில் ஒரேயடியாக நிற்கும். அந்த இடத்தில்தான் எப்போதும் முழங்கையால் இடிப்பேன். இன்றும் கை தானாகப் போனது. பக்கத்தில் இருந்த மகனுக்கு விலாவில் நல்ல அடி.

அப்புறம்தான் கோபம் வந்தது. செத்த மனுசனைக் கடையில வச்சு விக்கிறீங்களாடா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?

மார்ச் 10

பேசவில்லை.

மார்ச் 13

“எடுத்துடறேம்மா. கம்பெனியும் அதத்தான் கேக்குது” என்றான். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரம்மாவைப் படிக்கட்டில் பார்த்தேன். எங்கள் வீட்டுக் குறட்டை தாங்காமல் சுவரை இடித்துக்கொண்டிருந்தவர். “ராத்திரி தூங்குறீங்களா?” என்று கரிசனமாகக் கேட்டார். நீங்கள்தான் தூங்குகிறீர்கள் என்று சொல்லவில்லை.

மார்ச் 14

அவருடைய போட்டோ இருக்கிறது. அதில் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

“இருக்கட்டும்டா” என்று மகனிடம் சொன்னேன். கம்பெனிக்காரரும் போனில் கொஞ்சம் இறங்கிவந்தார். நடுவில் நிற்கிற இடத்தையாவது வெட்டிவிடலாம், கேட்கிறவர்கள் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்றார். நான் போனை வாங்கினேன்.

“அதுல கை வைக்காதீங்க தம்பி. கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க. திரும்ப ஆரம்பிப்பாரு.”



மார்ச் 18

லீவு. மதியம் ஸ்பீக்கரில் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டுப் படுத்தேன். பக்கத்து வீட்டுக்காரம்மா சுவரை இடி இடி என்று இடித்தாராம், மருமகள் சொன்னாள்.

எனக்குக் கேட்கவில்லை.