தானாக ஏறும் ஸ்பிரிங்

என் வாலுப் பெண்ணுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீ விட்டுப்போன வண்டியும் வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்தில் தூங்கி, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரிகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன், நம்பிக்கையில்தானே பெற்றவர்கள் பிழைப்பு ஓடுகிறது. போனில் பேசலாம் என்றால் உன் அம்மா உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், அதனால்தான் கடிதம். இதை நீ மட்டும் படி.

விஷயம் வண்டியின் பின்பக்க ஷாக் அப்சார்பர். கிளம்பும் முன் என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தினாயே, மாதம் ஒரு தரம் நடு ஸ்டாண்டு போட்டு சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடை, தண்ணீர்க் குழாயை நேராகப் பீய்ச்சாதே, ஸ்பிரிங்குக்கு நடுவே இருக்கும் பளபளப்பான கம்பியில் எண்ணெய் கசிகிறதா பார், மேல் போல்ட்டும் கீழ் போல்ட்டும் இறுக்கமா பார், ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையம் இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கட்டும், படி ஏற ஏற ஸ்பிரிங் விறைக்கும் என்று. "ஒத்த ஆளுக்கு ரெண்டு, ரெண்டு ஆளுக்கு நாலு" என்று மந்திரம் போல ஓதவைத்தாய், எனக்கு மறந்துவிடும் என்று இரண்டாம் படியில் உன் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டும் வைத்துவிட்டுப் போனாய். முதல் மாதம் கம்பி வழவழவென்று ஓடட்டும் என்று நானாக கிரீஸ் தடவி, தெருப் புழுதியை எல்லாம் அதில் ஒட்டவைத்து, உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ சொன்னதைத் தவிர வேறு எதிலும் கை வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க நான் மட்டும் ஓட்டுகிறேன், மற்ற நாளெல்லாம் அது படிக்கட்டுக்கு அடியில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிறு, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் வேகத்தடையில் ஏறி இறங்கினேன், வண்டி என்னைத் தூக்கிப் போட்டதில் பையில் இருந்த முட்டையில் பாதி போய்விட்டது. வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால் வளையம் நாலாம் படியில் உட்கார்ந்திருக்கிறது. சரி, நான்தான் மறதியில் மாற்றி வைத்திருப்பேன் என்று கொக்கி ஸ்பேனரை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டுக்குத் திருப்பினேன். அடுத்த மாதம் துடைக்க உட்கார்ந்தால் மறுபடி நாலு. அதற்கு அடுத்த மாதம் கேட்காதே, இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் நாலு. எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. வாயில் எப்போதும் பல்குச்சியோடு இருப்பாரே மெக்கானிக், அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன், ஸ்பிரிங் தானாகவே ஏறுமா என்று கேட்டேன். அவர் பல்குச்சியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிவிட்டு, "வளையம் தேஞ்சிருந்தா தானா இறங்கும் சார், தானா ஏறாது. ஏத்துறதுக்குக் கை வேணும்" என்றார். அந்தக் கை யாருடையது என்று யோசித்து யோசித்து, மாடி வீட்டுத் தையல்காரர் நம் வண்டியைக் கேட்காமல் எடுத்துப்போகிறாரோ என்று சந்தேகப்பட்டு, ஜாடைமாடையாக அவரிடம் கேட்டும்விட்டேன். அவர் இப்போது என்னைப் பார்த்தால் படியிலேயே திரும்பிப் போகிறார். உன் அம்மாவிடம் சொன்னால், பழைய வண்டிக்கு ஆயிரம் குணம் இருக்கும், பேசாமல் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். வெங்காயம் எங்கேயும் ஓடிப்போகப் போவதில்லை, ஆனால் அவள்தான் ஓடினாள், அதை அப்போது நான் கவனிக்கவில்லை. ஊர் மீட்டரை எல்லாம் படித்துச் சம்பளம் வாங்குகிறவனுக்கு வீட்டுக்குள் என்ன ஓடுகிறது என்று படிக்கத் தெரியவில்லை பார்.

போன வியாழன் எனக்குப் புது வட்டாரம் கொடுத்தார்கள், கண் ஆஸ்பத்திரி இருக்கும் தெரு. அங்கே தண்ணீர் மீட்டர் பின்பக்கம், வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு குழிக்குள் இருக்கிறது. மூடியைத் தூக்கி, அளவைக் குறித்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே நம் வண்டி. அதே கீறல், அதே போர்வைக் கயிறு. மகளிர் சங்கக் கூட்டத்துக்கு என்று மாதம் ஒரு வியாழன் கிளம்பிப் போகிறாளே உன் அம்மா, அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நிற்கிறாள். மைதானத்தைச் சுற்றி இரண்டு வட்டம் போடத்தான் நீ அவளுக்குக் கற்றுக்கொடுத்தாய் என்று நான் நினைத்திருந்தேன். பின்சீட்டிலிருந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கியது யார் தெரியுமா, உன் அத்தை. நீ வண்டி வாங்கிய அன்று, பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த எமன், இது இந்த வீட்டில் நிற்கும்வரை நான் வாசல்படி மிதிக்கமாட்டேன் என்று சொன்னாளே, மிதிக்காவிட்டால் போ என்று நானும் சொன்னேனே, அதே உன் அத்தை, அந்த எமன் மேலேயே சவாரி வந்து இறங்குகிறாள்.

நான் குழிக்குப் பக்கத்தில் மூடியைக் கையில் பிடித்தபடி நிற்கிறேன். உன் அம்மா சீட்டு வாங்க உள்ளே போனாள். என் அக்கா வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் திரும்பினாள், என்னை நேருக்கு நேர் பார்த்தாள். நாலு எட்டு தூரம்கூட இருக்காது. பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லாதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு வந்ததே கோபம். கூடப் பிறந்தவனை இப்படியா பார்ப்பது, இவ்வளவு வைராக்கியமா என்று மூடியைக் கீழே போட்டேன், அந்தச் சத்தத்துக்குப் பதறி, "யாருப்பா அங்க?" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. உன் அம்மா வந்து முழங்கையைப் பிடித்து, படி இருக்கு அண்ணி, இன்னொரு படி இருக்கு அண்ணி என்று சொல்லிச் சொல்லி அவளை உள்ளே கூட்டிப்போனாள், அப்போதும் எனக்கு மண்டையில் ஏறவில்லை. அவர்கள் போன பிறகு வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற ஆளிடம், அந்தம்மா யாரையும் மதிக்கமாட்டார்களோ என்று வீம்பாகக் கேட்டேன். அவர் சொன்னார், "மாசாமாசம் ஊசி போட வர்றாங்க சார். ஒரு கண்ணு போயிடுச்சு, இன்னொன்னு மங்கல். எதிர்ல நிக்கிறது ஆளா தூணான்னே அவங்களுக்குத் தெரியாது."

அன்று மீதித் தெருவுக்கு எப்படி அளவெடுத்தேன் என்று எனக்குத் தெரியாது, இரண்டு வீட்டுக்கு எண்ணை மாற்றி எழுதி மேலதிகாரியிடம் பேச்சும் வாங்கினேன். வாலு, எனக்கு ஒரே குழப்பமாக இருக்கிறது. என்னிடம் மறைத்த உன் அம்மாவைக் கோபிப்பதா, தம்பிக்குச் சொல்லாதே என்று நிச்சயம் சத்தியம் வாங்கியிருப்பாளே அக்கா, அவளைக் கோபிப்பதா, அந்த மந்திரத்தை அம்மாவுக்கும் ஓதிவிட்ட உன்னைக் கோபிப்பதா. நீயும் இதில் கூட்டா என்று கேட்கமாட்டேன், கேட்டால் நீ பொய் சொல்ல வேண்டி வரும். வண்டி விஷயத்தில் நியாயம் என் பக்கம்தான், அதை நான் விட்டுக்கொடுக்கப்போவதில்லை, உன்னைப் பற்றி அவள் பேசியது பேசியதுதான். ஆனால் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. ஒற்றைப் பக்கம் மட்டும் இறங்கியிருந்த மாதம்கூட இப்போது விளங்குகிறது, மற்ற மாதம் இறக்க மறந்தவள் அன்று நினைவு வந்து இறக்கியிருக்கிறாள், பாதியில் நான் சீக்கிரம் வீடு திரும்பிவிட்டேன், ஸ்பேனரை ஒளிக்க ஓடியிருப்பாள். அதைக் காய்கறிக் கூடைக்கு அடியில் கண்டெடுத்தபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

நேற்று வழக்கம்போலப் பஞ்சும் வாளியுமாக உட்கார்ந்தேன். கம்பியில் கசிவு இல்லை, போல்ட் எல்லாம் இறுக்கம். வளையம் இரண்டு பக்கமும் நாலில் இருந்தது. ஸ்பேனரை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தேன், உன் அம்மா இரண்டு தரம் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள். கடைசியில் திருப்பவில்லை. உன் மேஜை இழுப்பறையில் கிடந்த நகப்பூச்சுப் புட்டியைத் தேடி எடுத்து நாலாம் படியிலும் ஒரு பொட்டு வைத்தேன். உன் அம்மா அதைப் பார்த்தாளா இல்லையா தெரியவில்லை. இதை எழுதும் நேரத்தில் இருவரும் ஒன்றும் தெரியாதது போலத்தான் நடமாடிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த ஊசிக்கு நான் லீவு சொல்லிவிட்டேன். அக்கா வீட்டு வாசலில் வண்டியோடு நான்தான் போய் நிற்கப்போகிறேன். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இத்தனை நாளாக யார் முதலில் பேசுவது என்று இரண்டு பேரும் வீம்பாக இருந்தோம், இப்போது பேசாமல் நின்றால் அவள் என்னைத் தூண் என்றுதான் நினைப்பாள். அதனால் நான்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும், என்ன சொல்லித் திறப்பது என்று தெரியாமல் தினம் சைக்கிளில் போகும்போது தனியாகப் பேசிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதை நானே பார்த்துக்கொள்கிறேன், நீ எனக்கு ஒன்றே ஒன்று சொன்னால் போதும். உன் அம்மா நோஞ்சான், அவளுக்கும் அத்தைக்கும் சேர்த்து நாலு சரியாக இருந்திருக்கும். என் உடம்பு உனக்குத் தெரியும். நானும் அக்காவும் உட்கார்ந்தால் நாலு போதுமா, ஐந்தில் வைக்க வேண்டுமா? ஊசி போட்ட கண்ணோடு வருகிறவள், ஒரு பள்ளத்திலும் குலுங்கக்கூடாது. பதிலை அம்மா கையில் சிக்காமல் என் ஆபீஸ் விலாசத்துக்கு எழுது.

நீ நல்லபடியாக, நீண்ட ஆயுளோடு, கண் குளிர்ந்து இருக்க வேண்டும். ராத்திரி கம்ப்யூட்டரையே முறைத்துக்கொண்டு உட்காராதே, அங்கே ஒரு கண் டாக்டரையும் போய்ப் பார்த்துவிடு.

உன் வண்டியைக் காத்துவரும்,
அப்பா