நீ ஊற்றிய சாமைக் கஞ்சி

மச்சான்,

இன்று மத்தியானத்துக்கு மேல் உன் வீட்டுப் பக்கமிருந்து கொள்ளு வறுக்கிற வாசனை வந்தது. வறுப்பவன் உன் மகன். அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய். பேனாவை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் எழுதுகிறேன் என்றால் நீ சிரிப்பாய். கைநாட்டு வைத்துவிட்டு உன் துண்டில் மை துடைத்தவன்தானே நான். இப்போது சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் எழுத எழுத இனிக்கிறது. முதல் கடிதம் யாருக்கு என்று உன் அக்கா கேட்டாள். உனக்கு என்றதும் விளக்கை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

நாம் இரண்டு பேரும் ஒரே சாராயப் பானைக்கு முன்னால்தான் உட்காருவோம். நீ ஒரு குவளை குடிப்பாய், கவிழ்த்து வைப்பாய், ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவாய். எப்படி முடிகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"வயிறு போதும்னுது மாமா. கெளம்பிட்டேன்."

என் வயிறு ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. என் அப்பாவுக்கும் சொல்லவில்லை. புளி மூட்டையோடு பாதையில் விழுந்து கிடந்த என் அண்ணனுக்கும் சொல்லவில்லை. எங்கள் வகையறா மேல் சாமிக்குக் கோபம் என்றார்கள். சேவல் அறுத்தோம். அதற்கும் குடித்தோம்.

கை நடுங்கி, கண் செருகி நான் கிடந்தபோது நீதான் ஆள் சேர்த்து என்னை டோலியில் தூக்கிப்போய் ஜீப்பில் ஏற்றினாய். கீழே ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர், நான் எவ்வளவு குடிப்பேன் என்பதைக் கேட்பதற்கு முன்னால், அப்பா எப்படிச் செத்தார், கூடப் பிறந்தவர்கள் எப்படி என்று கேட்டார். குடியில் மாட்டிக்கொள்ளும் சுபாவம் சில குடும்பங்களில் பிறப்போடு வரும் என்றார்.

"அப்ப இந்த ரத்தத்த எடுத்துட்டு வேற ஏத்துங்க சார். என் மச்சான் ரத்தம் நல்லா இருக்குது" என்றேன்.

நீ அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தாய். டாக்டர் சிரித்துவிட்டார். அது மாற்றுகிற ரத்தத்தில் இல்லை, விதைக்குள் குணம் இருப்பதுபோல உடம்பு முழுக்க இருக்கிறது என்றார். இருப்பதாலேயே எல்லாரும் விழுவதில்லை, ஜாக்கிரதையாக இருந்தால் நிற்கலாம் என்றும் சொன்னார். முதல் வேலையாகச் சத்து ஊசி போட்டார்கள். குடி உடம்பை வெறும் கூடாக்கி வைத்திருக்கிறதாம். முட்டை, கொள்ளு, கீரை, வேர்க்கடலை சாப்பிட வேண்டும். பொழுது சாயும்போது வயிறு காலியாக இருக்கக் கூடாது. அப்படியானால் எழுதிக் கொடுத்த மாத்திரை எதற்கு என்று நீ கேட்டாய்.

"சாப்பாடு மாத்திரைக்குத் துணைப்பா. ரெண்டையும் விட்றாதீங்க."

வரும் வழியில் நீ பங்கு பிரித்தாய். மாத்திரை என் பொறுப்பு, சாப்பாடு உன் பொறுப்பு.

பொழுது சாய்ந்து சாராயம் கொண்டுவரும் ஜீப் மலையேறும் சத்தம் கேட்டால் என் கைகள் தாமாக ஒன்றையொன்று தேய்க்க ஆரம்பிக்கும். அந்த நேரத்துக்குச் சரியாக நீ தூக்குவாளியோடு வருவாய். கொள்ளுத் துவையல், களி, சில நாள் அவித்த முட்டை.

"மொதல்ல தின்னு மாமா. அப்பால வேணும்னா போ."

தின்று முடித்தால் பாதி நாள் கால் எழாது. மீதி நாள் தின்றுவிட்டும் போனேன். மறுநாள் நீ ஒன்றும் கேட்கவில்லை. தூக்குவாளி மட்டும் வந்தது. அது வரவர, போகிற நாட்கள் குறைந்தன.

அந்த வருஷத் திருவிழாவை மறக்க முடியுமா? சாமிக்குப் படைத்த சாராயத்தை ஒவ்வொருவனுக்கும் அவனவன் மச்சான் ஊற்ற வேண்டும், வாங்கமாட்டேன் என்று சொல்லக் கூடாது. வேறு வழியில்லாமல் குவளையை நீட்டினேன். நீ ஊற்றியது சாமைக் கஞ்சி. ஊர்ப் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார்.

"சாமிக்கு ஊத்தினது சாமிக்கு. இவருக்கு ஊத்துறது நானு" என்றாய்.

நான் குடித்துவிட்டு, "உப்பு பத்தல மச்சான்" என்றேன். பெரியவரே சிரித்து உட்கார்ந்தார். உன் குவளையிலும் கஞ்சிதான். ஒன்றோடு நிறுத்தத் தெரிந்தவன் நீ, அந்த ஒன்றையும் எனக்காக விட்டாய். அதற்கப்புறம் சாகும்வரை நீ தொடவில்லை.

மச்சான், என் மகனுக்கும் அந்தச் சுபாவம் வந்திருக்கிறது. கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனவன் வேறு ஆளாகத் திரும்பினான். குவளையைக் கவிழ்க்கத் தெரியவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இந்த முறை வாசல் பலகையை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். மாத்திரை தந்திருக்கிறார்கள். பொழுது சாய்ந்தால் தூக்குவாளியை நான் அவனிடம் எடுத்துக்கொண்டு போகிறேன். சில நாள் முகம் திருப்பிக்கொள்கிறான். நானும் ஒன்றும் கேட்பதில்லை.

நேற்று திருவிழா. என் மகனுக்கு ஊற்ற வேண்டிய மச்சான் உன் மகன். நான் உன் மகனிடம் எதுவும் சொல்லி வைக்கவில்லை. குவளையில் வெள்ளையாகச் சாமைக் கஞ்சி விழுந்தபோது எனக்குக் கண் மறைத்தது. என் மகன் அதையே வெகுநேரம் பார்த்தான். பிறகு ஒரே மூச்சில் குடித்தான். குவளையைத் திரும்ப நீட்டினான்.

"இன்னா மச்சான், உப்பே போடலியா? இன்னும் கொஞ்சம் ஊத்து."

உன் மகன் சிரித்துக்கொண்டே ஊற்றினான். நாளை எப்படியோ தெரியாது. கொள்ளு வறுபட்டுவிட்டது, ஜீப் வருகிற நேரம். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன், மச்சான்.